வியாழனும் பார்வைத்துண்டும்

கொத்மலை ஓயாவின் நீர் மகாவலியோடு கலந்து, திருகோணமலையை அடுத்துக் கடலைச் சேர்கின்றது. அத்துறைமுக நகரிலிருந்தே பொறியியற் படை அதிகாரியான பேர்சி மோல்சுவேர்த், பன்னிரண்டரை அங்குலத் தெறிதொலைகாட்டி கொண்டு வியாழனை ஆராய்ந்தார். வானியல் அவருக்குத் தொழிலன்று. எனினும், 1901 பெப்ரவரியில் வியாழனின் தென் அயனப் பகுதியிலே கருங்கலக்கம் ஒன்று எழுந்ததை முதன்முதற் கண்டவர் அவரே. அக்கலக்கம் ஏறத்தாழ நாற்பதாண்டு நிலைத்திருந்தது.

அவ்வாண்டில் வியாழன் தனு மண்டலத்தில், வானின் தென்புறத்தே நின்றது. இலண்டனில் அஃது அடிவானுக்கு மேல் பதினாறு பாகையளவே உயர்ந்தது. திருகோணமலையிலோ அறுபது பாகையளவு உயர்ந்தது. கொத்மலையிலும் அவ்வாறே.

ஆடியைப் புகழ்வோர் பலர். அது தரும் விம்பத்தைப் பெருக்கிக் காட்டும் பார்வைத்துண்டை நினைப்போர் சிலர். ஆடியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1662 இல் ஐகன்ஸ் இரு வில்லைகளால் அமைத்த பார்வைத்துண்டு, நீண்ட குழாய்த் தொலைகாட்டிகளுக்கு நன்கு பொருந்தியது. குறுகிய குவியத்தூரமுள்ள ஆடிகளோடு சேர்ந்தால் விம்பம் தெளிவிழக்கும். 1782 இல் ராம்ஸ்டன் செய்ததிலும் நிறக்கறை நீங்கவில்லை. 1860 இல் வியன்னாவின் பிளோசில், ஒட்டிய இரட்டை வில்லைகள் இரண்டை எதிரெதிரே வைத்தார். 1880 இல் அபே, ஒட்டிய மூன்று வில்லைகளோடு தனிவில்லை ஒன்றைச் சேர்த்தார். கோள்களை நோக்குவோர் இவ்விரண்டையுமே பெரிதும் விரும்பினர், அவ்விருப்பம் தக்கதே.

மேலும் வில்லைகளைச் சேர்க்கத் தடையாயிருந்தது ஒளியிழப்பு. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பொவ்வொன்றும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் தெறிக்கச் செய்யும். ஆறு பரப்புகளில் ஐந்திலொரு பங்கு போய்விடும். 1935 இல் சைஸ் நிறுவனத்துச் சுமக்குலா கண்ட மென்பூச்சு இத்தடையைத் தளர்த்தியது. 1980களில் அமெரிக்கரான நாக்லர் ஏழு வில்லைகளால் எண்பத்திரண்டு பாகைப் பார்வைப்புலம் தந்தார். கார்த்திகை மீன்கூட்டத்தை நோக்க அஃது இனிது. கோளை நோக்கவோ நடுப்புலத் தெளிவே வேண்டுவது. ஆயினும் கையால் நகர்த்தும் தொலைகாட்டியில் கோள் விரைந்து மறையாதிருக்க அகன்ற புலமும் உதவும். மூன்றங்குலக் கருவி அறுநூறு மடங்கு பெருக்குமென்னும் விளம்பரத்தை மட்டும் நம்பலாகாது. நூற்றைம்பதே அதன் எல்லை.

2032 யூலையில் வியாழன் மீண்டும் தனுவில் ஒளிரும். அம்மாதத்தில் கொத்மலையைத் தென்மேற்குப் பருவமுகில் மூடுவது வழக்கம். திருகோணமலையில் அது வறண்ட காலம்.