இரவுப் பள்ளி கண்ட எஃகு

பாலமாய், தண்டவாளமாய், கப்பலாய் இன்று பாரெங்கும் பரவிக் கிடக்கும் எஃகு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கத்திக்கும் கடிகார வில்லுக்கும் மட்டுமே கட்டுப்படியான சரக்கு. ஷெபீல்டு நகரத்தார் சிறு சிறு மூசைகளில் உருக்கினர். டன் ஒன்றுக்கு விலை, ஏறத்தாழ 40 பவுன்!

1856-இல் வந்தார் ஹென்றி பெசமர். உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்துங்கள், அதிலுள்ள கரியும் சிலிக்கனும் எரியும், அந்த வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும், வேறு எரிபொருள் வேண்டா என்றார். அரைமணிக்குள் பல டன் எஃகு! முதலாளிகள் உரிமம் வாங்க ஓடி வந்தனர், செய்து பார்த்தனர், திகைத்தனர். குளிர்ந்த உலோகம் நொறுங்கிற்று. காரணம், பாஸ்பரஸ். பெசமர் சோதித்த இரும்பில் அது மிகக் குறைவு. ஐரோப்பியத் தாதுக்கள் பலவற்றிலோ அது நிறைய. தாது காலடியில் மலையாய்க் கிடக்க, கப்பற்கூலி கொடுத்து ஸ்பெயினிலிருந்து வேறு தாது வரவழைத்தனர். இப்படியே இருபது ஆண்டுகள்!

புதிரை விடுவித்தவர் யார்? ஆலை அதிபரா? பேராசிரியரா? இல்லை, இலண்டன் போலீஸ் நீதிமன்றத்தில் பேனா பிடித்த எழுத்தர், சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். தந்தை மறைந்ததால் இளமையிலேயே வேலைக்கு வந்தவர். பகலெல்லாம் வழக்கும் அபராதமும். இரவிலே, உழைப்பாளருக்கென அமைந்த பிர்க்பெக் கழகத்தில் வேதியியல். பாஸ்பரஸை நீக்குபவன் பெருஞ்செல்வன் ஆவான் என்று அங்கே ஆசிரியர் சொன்ன சொல், அவர் நெஞ்சில் தைத்தது.

பலரும் இரும்புக்கு மருந்து தேடினர். தாமஸ் உலையின் சுவரைப் பார்த்தார். சுவர் சிலிக்கா கல், அமிலத்தன்மை உடையது. பாஸ்பரஸ் எரிந்து உண்டாவதும் அமிலத்தன்மை உடையதே. அமிலம் அமிலத்தை எங்ஙனம் பற்றும்? சுவரைக் காரமாக்கு, சுண்ணாம்பைப் போடு, பாஸ்பரஸ் கசடோடு ஒட்டிக்கொள்ளும்! எளிய கணக்குதான், எனினும் கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கும் காரக்கல்லைச் செய்வதில்தான் ஆண்டுகள் கரைந்தன. வேல்சு நாட்டு பிளேனாவன் இரும்பாலையில் வேதியியலாளராய் இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனை நடத்தினார்.

1878-இல் இரும்பு-எஃகுக் கழகத்தின் கூட்டத்தில் அந்த இளைஞர் எழுந்து, பாஸ்பரஸை நீக்கிவிட்டேன் என்றார். மேதைகள் பொருட்படுத்தவில்லை, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவும் அவர்களுக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மிடில்ஸ்பரோ ஆலையில் பெரிய உலையிலேயே அது மெய்ப்பிக்கப்பட்டது. பெல்ஜியமும் பிரான்சும் ஜெர்மனியும் ஆலைக்கு ஆள் அனுப்பின. பயனற்றதென ஒதுக்கப்பட்ட லோரைன் தாது, எஃகாயிற்று. பெசமர் தொடங்கிய விலைவீழ்ச்சி தொடர்ந்தது. நூற்றாண்டு முடியுமுன் டன் 6, 7 பவுன் அளவுக்கு இறங்கிற்று. கழித்த கசடும் வீணாகவில்லை. அதிலே பாஸ்பேட் இருந்ததால், அரைத்து வயலுக்கு உரமாக்கினர். ஆலைக் குப்பை கழனியில் கதிராயிற்று!

இரவு பகல் பாராத உழைப்பு உடலைத் தின்றது. 1885-இல், 34 வயதில், பாரிசில் இறந்தார் தாமஸ். ஈட்டிய செல்வத்தை உழைக்கும் மக்களின் நலனுக்குச் செலவிடும் பொறுப்பைச் சகோதரியிடம் விட்டுச் சென்றார்.