பர்க்ளரியும் ஹவுஸ்பிரேக்கிங்கும்

இன்று ஒருபொருட் சொற்களாகப் புழங்கும் பர்க்ளரி, ஹவுஸ்பிரேக்கிங் இரண்டையும் இங்கிலாந்தின் பழஞ்சட்டம் இருளைக் கொண்டு பிரித்தது. பெருங்குற்ற நோக்குடன் இரவில் ஒரு வீட்டை உடைத்துப் புகுவது பர்க்ளரி; பகலில் நிகழ்ந்தால் ஹவுஸ்பிரேக்கிங். இரவு என்பது எது? பகலொளியில் ஒருவர் முகம் அடையாளம் தெரியாத வேளை என்றது பொதுச்சட்டம். நிலவொளி கணக்கில் சேராது. சேர்ந்திருந்தால் பௌர்ணமித் திருடர்கள் தப்பியிருப்பர். 1837ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை என வரையறுத்தது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ பர்க்ளரியைக் கைவிட்டு, ஹவுஸ்பிரேக்கிங்கை மட்டும் ஏற்றது. அங்கு அச்சொல்லின் பொருளை நிறுவுவது நேரமன்று, நுழையும் வழி. 445ஆம் பிரிவு ஆறு வழிகளைச் சொல்கிறது. சுவரில் துளையிட்டுக் கையை மட்டும் உள்ளே நீட்டுவதும் அக்குற்றமே என்கிறது அதன் எடுத்துக்காட்டு. கன்னமிடுதல் என்று தமிழ் நெடுங்காலமாகக் குறித்த செயல் இதுதான். சூரியன் மறைந்து உதிக்கும்வரையிலான இரவு, தண்டனையின் உச்ச வரம்பை இரண்டாண்டிலிருந்து மூன்றாக உயர்த்தியது, அவ்வளவே. களவு நோக்கமும் கட்டாயமன்று. அச்சுறுத்தும் நோக்கமும் போதும். ஆகவே கன்னக்களவு என்னும் மொழிபெயர்ப்பு, சட்டம் கேளாத களவைச் சேர்த்துவிடுகிறது.

1968இல் இங்கிலாந்து இரவு பகல் வேறுபாட்டையே நீக்கிப் பர்க்ளரியை மட்டும் வைத்துக்கொண்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆம் பிரிவில் சூரியன் இன்னும் மறைந்து உதிக்கிறது.