கோள்நிலைக் கணிப்பு நிரல்

நாள், நேரம், இடம் மூன்றையும் கொடுத்தால் ஞாயிறும் திங்களும் கோள்களும் அவ்வேளையில் வானில் எங்கே நிற்கும் என்று கணித்துத் தரும் கணினி நிரல். கணினிக்கு நெடுங்காலம் முன்பே இவ்வேலையைப் படிப்படியான விதிகளாக்கிச் செய்தது, தமிழகத்திலும் கேரளத்திலும் வழங்கிய வாக்கிய முறை.

இதில் நிலவின் இடத்தை அறிய, கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்தொகையில் ஒரு பேரெண்ணைக் கழித்து, மீதியை 12,372, 3,031, 248 ஆகியவற்றால் வரிசையாக வகுப்பர். இறுதி மீதிக்குரிய வாக்கியத்தின் எழுத்துகளே எண்களாக நின்று விடையின் பகுதியைத் தரும். வாக்கியங்கள் 248. நிலவு புவிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடையும் சுற்று ஒன்பது நிறைய ஏறத்தாழ 248 நாளாகும். இவற்றை வரருசி இயற்றினார் என்பது மரபு. அவர் காலம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. இதே 248 நாள் வட்டம் பாபிலோனிய, கிரேக்கக் கணக்குகளிலும் உள்ளதால், முறை அங்கிருந்து வந்திருக்கலாம் என்பர் சிலர்.

இம்முறை கையாளப்பட்டதற்கு விரிவான ஒரு சான்று 1825க்குரியது. ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கொண்டு அவ்வாண்டு மே 31 - ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். வாரன் எழுதியபடி அக்கணிதர் பெயர் சாமி நாடன் சாஷியா. அவர் ஏடும் எழுத்தாணியும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே கணக்கை முடித்தார். வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். கணினிக்கும் அது தெரியாது என்பது இங்கு நினைக்கத்தக்கது. கிரகணத் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. இக்கணக்கை வானியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் மீண்டும் ஆராய்ந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய நோக்கீடுகளைத் தழுவிய திருக்கணிதப் பஞ்சாங்கம் தோன்றியது. 1920களின் இறுதியில் வானியலாளர் எல். ஜே. காம்ரி இங்கிலாந்தில் துளை அட்டை இயந்திரங்களால் நிலவின் இடங்களைக் கணித்தார். இன்றைய நிரல்கள் பல அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத் தரவுகளைச் சார்ந்தவை, கைபேசியிலும் இயங்குகின்றன.

இலங்கைத் தமிழரிடையே வாக்கியம், திருக்கணிதம் இரண்டுமே வழக்கிலுள்ளன. இலங்கையின் கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், மஃரிப் (ஞாயிறு மறைந்தபின் தொழும்) வேளையில் பிறை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை நிரல் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆயினும் நோன்பும் பெருநாளும், பிறை கண்ட தகவலை ஆராய்ந்து கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் விடுக்கப்படும் அறிவிப்பின்படியே பொதுவாகத் தொடங்குகின்றன.