பாடும் பட்டியலும்: டேட்டாபேஸ் புத்தகங்களின் கதை

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊராருக்கும் உள்ள பாடு முறையை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் எவர் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பது. தலைக்கட்டில் பெயர் விடுபட்டால் பிழைப்பே போயிற்று. பெயர், இடம், முறை என்று மூன்று பட்டியல். கம்ப்யூட்டர்காரர்கள் டேட்டாபேஸ் என்பதும் இதைத்தான்.

"அதைப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் தாத்தா?" என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

1970ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய கட்டுரையில்தான் கதை தொடங்குகிறது. தகவலைப் பட்டியல்களாக வை, பட்டியலுக்குப் பட்டியல் ஓர் எண்ணால் தொடர்பு கொடு என்றார். 1974ல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கொரு கேள்வி மொழி செய்தார்கள். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். 1975ல் சி.ஜே. டேட்டின் பெரிய பாடநூல் வந்தது. அதில் வரும் உதாரணம் லண்டன், பாரிஸ், ஏதென்ஸ் நகர வியாபாரிகள் அனுப்பும் போல்ட்டு, நட்டு. அருமையான நூல்தான், ஆனால் முதல் புத்தகம் அல்ல.

எங்கள் அலுவலகத்துக்கு வந்தது டிபேஸ். கறுப்புத் திரையில் ஒரே ஒரு புள்ளி நிற்கும். நாம் என்ன தட்டுவோம் என்று அது காத்திருக்கும். பிறகு பாக்ஸ்புரோ. ஆர்.கே. தக்ஸாலியின் புத்தகம் பலருக்குக் கைகொடுத்தது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கிலீஷ் மூன்றாம் மொழி. ஒரு பக்கத்துக்கு இருமுறை அகராதியைத் திறந்தால் பாடம் ஓடாது. (பிரெஞ்சுக்காரர் கெட்டிக்காரர்கள். 1955ல் ஐ.பி.எம். கேட்டதும் பேராசிரியர் ழாக் பெர்ரே, உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறித்த 'ஒர்தினத்தர்' என்ற பழைய சொல்லையே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார்.)

தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை பாடம் புரியாமல் விடுவதில்லை, பாஷை புரியாமல்தான் விடுகிறது. அதனால் நான் முதலில் சொல்வது து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் MySQL'. கணியம் வெளியீடு, காசில்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளும் இலவசம்தான்.

பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாக்ஸ்புரோ புத்தகத்தை வாங்காதீர்கள். இனிப் புதுப் பதிப்பு இல்லை என்று மைக்ரோசாப்ட் 2007லேயே சொல்லிவிட்டது. கனத்தைப் பார்த்தும் வாங்க வேண்டாம். பத்தாம் பக்கத்துக்குள் ஒரு பட்டியலையாவது உங்கள் கையால் செய்ய வைக்கிறதா என்று பாருங்கள்.

புத்தகத்தின் உதாரணங்களை முடித்ததும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு ஒரு பட்டியல், வலை கட்டும் இடங்களுக்கு ஒன்று, முறைக்கு ஒன்று. "இந்த மாதம் முறை வராதவர் யார்?" என்று கேளுங்கள். விடை சரியா தப்பா என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அதன்பின் டேட்டின் புத்தகத்தைத் திறந்தால், லண்டன் வியாபாரி நம் தலைக்கட்டாகவும், போல்ட்டு நட்டு பாட்டு இடமாகவும் தெரியும்.