இந்திர லால் ராய் - பத்தொன்பது வயதுப் போர் விமானி

எங்கள் வரதய்யபாளையத்தில் வானம் என்பது அண்ணாந்து பார்க்கிற சமாச்சாரம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் மொட்டை மாடியில் ஏறி, தமிழும் தெலுங்கும் கலந்து கூச்சல் போடுவோம். கிழக்கே புகைக்கோடு மறைந்ததும் சாப்பிடப் போய்விடுவோம். நம் வீட்டுப் பிள்ளை பறக்கிற வேலைக்குப் போவான் என்று யாரும் நினைத்ததில்லை.

போன மாதம், லண்டனில் எட்டாவது படிக்கிற என் மகன் ஏர் கேடட்டில் சேர ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "ஃபைட்டர் பைலட் ஆகணும்ப்பா." தங்கமணி ஒரே வார்த்தையில் "கூடாது" என்றுவிட்டார். "நம்ம ஆளுங்க யாராவது போயிருக்காங்களாடா?" என்று அவனை மடக்கக் கேட்டேன். மடங்கியது நான்தான் :-) இணையத்தில் தேடி ஒரு பெயரோடு வந்தான். இந்திர லால் ராய். அன்றிலிருந்து அவனைவிட நான்தான் அதிகம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் காலத்து விமானச் சண்டை பற்றி ஒரு வார்த்தை. 1913இல் கீவ் நகரில் ப்யோத்தர் நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய ராணுவ விமானி தன் விமானத்தை முதன்முதலாகக் குட்டிக்கரணம் அடிக்க வைத்தார். பாராட்டுக்கு முன்னால் கிடைத்தது, அரசாங்கச் சொத்தை ஆபத்தில் சிக்க வைத்ததற்கான தண்டனை. 1914 செப்டம்பரில், முதல் உலகப் போர் தொடங்கிய புதிதில், விமானத்தில் துப்பாக்கி இல்லை. எதிரே வந்த ஆஸ்திரிய விமானத்தைத் தன் விமானத்தாலேயே மோதினார். அவரும் போனார், எதிரிகளும் போனார்கள். அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஒரே வருடத்துக்குள், சுழலும் விசிறியின் இடுக்கு வழியாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாரசூட் மட்டும் வரவில்லை.

அந்த வானத்துக்குத்தான் ராய் போனான். பிறந்தது 1898 டிசம்பர் 2, கல்கத்தாவில். அப்பா பியாரி லால் ராய் பாரிஸ்டர். அம்மா லொலிதா ராய் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்குக் குடிவந்தவர். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? அந்த அம்மா வீட்டோடு இருந்தவரும் இல்லை. 1911இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டனில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்களின் அணியில் நடந்தவர். பையன் படித்தது செயின்ட் பால்ஸ் பள்ளியில். வீட்டில் செல்லப் பெயர் லாடி.

1917 ஏப்ரலில், 18 வயதில், ராயல் ஃப்ளையிங் கோரில் சேர்ந்தான். கண்பார்வை சரியில்லை என்று முதலில் தள்ளிவிட்டார்கள் என்றும், மோட்டார் சைக்கிளை விற்று வேறொரு கண் மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கினான் என்றும் ஒரு கதை உண்டு. ஜூலையில் அதிகாரியானான். இந்தியர்களுக்கு ராணுவ அதிகாரி பதவி எட்டாக்கனியாக இருந்த நேரம் அது.

அக்டோபர் கடைசியில் பிரான்சில் 56ஆம் படைப்பிரிவு. டிசம்பர் 6ஆம் தேதி விமானம் தரையில் மோதியது. செத்துவிட்டான் என்று பிணங்களோடு கிடத்தியதாகவும், நினைவு வந்து கதவைத் தட்டி வெளியே வந்ததாகவும் சொல்வார்கள். உண்மையோ மிகையோ, பலத்த அடி. பறக்கத் தகுதியில்லை என்று தீர்ப்பானது. அத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். விடாமல் கேட்டுக்கேட்டு 1918 ஜூனில் மறுபடி பிரான்சுக்குப் போனான். இந்த முறை 40ஆம் படைப்பிரிவு, ஜார்ஜ் மக்கெல்ராய் என்ற அயர்லாந்துக்காரரின் கீழ்.

ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் விழுந்தான். வயது 19. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மக்கெல்ராயும் ஒன்பது நாளில், ஜூலை 31ஆம் தேதி, போய்விட்டார். செப்டம்பரில் ராய்க்கு டிஸ்டிங்க்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியன். வாங்க ஆள் இல்லை.

அவன் மட்டுமல்ல. தலைப்பாகையைக் கழற்ற மறுத்துப் பறந்த ஹர்தித் சிங் மாலிக் காயத்தோடு தப்பி, பின்னாளில் பிரான்சுக்கே இந்தியத் தூதரானார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர் திரும்பவில்லை. கல்கத்தா சென் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். லாடியின் அண்ணன் பரேஷ் லால் ராயும் அதே போரில் தரைப்படையில் இருந்தவர். அவர் பிழைத்து வந்து இந்தியாவில் குத்துச்சண்டையை வளர்த்தார்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது பையன் கேட்டான்: "அவன் எந்த நாட்டுக்காகப்பா பறந்தான்?"

சட்டென்று பதில் வரவில்லை. தன் நாட்டை ஆண்டவர்களுக்காகப் பறந்தான். அவன் இறந்து ஒன்பது மாதம் முடியுமுன், 1919 ஏப்ரல் 13இல், அதே ஆட்சியின் ராணுவம் ஜாலியன்வாலா பாக்கில் சுட்டது. அதற்காக அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வளர்ந்த தெரு லண்டன் தெரு. கூடப் படித்தவர்கள் போனார்கள், அவனும் போனான். வடக்குப் பிரான்சில் எஸ்தெவெல் என்ற சிற்றூரில் அவன் கல்லறை இருக்கிறது. அதில் பிரெஞ்சோடு வங்காள எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். யாருக்காகப் பறந்தானோ, கடைசியில் அவனுக்குத் தாய்மொழி வேண்டியிருந்தது என்று வீட்டார் நினைத்திருக்க வேண்டும்.

தங்கமணி அதுவரை பேசவில்லை. "அந்த அம்மா ஊர்வலம் போனவங்க. அவங்களே தடுக்கலையா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

படிவம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. கோடையில் பிரான்சு போகிறோம், எஸ்தெவெல் வழியாக. அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வந்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படிவம் கிடந்தால், கையெழுத்துப் போடுமுன்னும் கிழிக்குமுன்னும் இந்தப் பையன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.