கார்டு செத்தா டிஸ்க் யாருக்குச் சொந்தம்? ரெய்டு கன்ட்ரோலரின் கதை

போன மாசம் ஒரு ஃப்ரெண்ட் போன் பண்ணான். “மச்சான், வீட்டுல சொந்தமா ஒரு சர்வர் கட்டுறேன். ஃப்ரீபிஎஸ்டி போடப்போறேன், நாலு ஹார்டு டிஸ்க். நல்ல ரெய்டு கார்டு ஒண்ணு சொல்லுடா.”

ரெய்டுன்னதும் வருமான வரிக்காரங்களை நினைச்சுக்காதீங்க. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டுற ஏற்பாடு இது. நடுவுல ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது.

அவனுக்கு உடனே ஒரு கார்டு பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல. பல வருஷத்துக்கு முன்னாடி நானும் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெய்டு கார்டு வாங்கி யூனிக்ஸ் சர்வர் கட்டினேன். அப்பா எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான். ஒரு நாள் கார்டு செத்துப்போச்சு. நாலு டிஸ்க்கும் நல்லாதான் இருந்துச்சு. ஆனா வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா ஒண்ணுமே படிக்க முடியல. அதே மாடல் கார்டு இன்னொண்ணு கிடைக்க அஞ்சு வாரம் ஆச்சு. மாட்டினதும் எல்லாம் திரும்ப வந்துச்சு. அந்த அஞ்சு வாரமும் எனக்குச் சரியான தூக்கம் இல்ல. இது ஏன் இப்படின்னு தேடிப் படிச்ச கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

கதை அமெரிக்காவுல, பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஆரம்பிக்குது. டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒண்ணு போனா மத்ததை வச்சு மீட்கிற எண்ணத்துக்கு ஐபிஎம்-ல நார்மன் கென் ஔச்சி 1978லயே பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா அதுக்கு ரெய்டுன்னு பேர் வச்சு உலகத்துக்குக் கொண்டுபோனது டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் எழுதி, 1988ல சிகாகோ மாநாட்டுல வெளியான கட்டுரை.

அன்னைக்குப் பெரிய நிறுவனங்கள் வச்சிருந்தது ஐபிஎம் 3380 மாதிரி பெரிய, விலை கூடின டிஸ்க். அதோட கொள்ளளவு 7.5 ஜிபி. இன்னொரு பக்கம் பிசிக்குன்னு வந்த கானர் நிறுவனத்தோட சின்ன டிஸ்க், 100 எம்பி. ஒரு யானைக்குப் பதிலா எழுபத்தஞ்சு ஆடு வாங்கினா என்னன்னுதான் இவங்க கேட்டாங்க. சிக்கல் என்னன்னா, ஆடு சாகும். ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணி நேரம் ஓடும்னா, நூறு டிஸ்க் இருக்கிற கூட்டத்துல 300 மணி நேரத்துக்கு ஒண்ணு போகும். அதாவது ரெண்டு வாரம்கூட தாங்காது.

இதுக்கு அவங்க வச்ச தீர்வு பேரிட்டி. மூணு டிஸ்க்குல 4, 7, 2ன்னு இருந்தா, நாலாவதுல கூட்டுத்தொகை 13ஐ எழுதி வைங்க. எந்த ஒண்ணு அழிஞ்சாலும் கழிச்சுக் கண்டுபிடிச்சிடலாம். நிஜத்துல செய்றது பைனரி கணக்கு, ஆனா தத்துவம் இதேதான். ரெய்டுல இருக்கிற ‘ஐ’ அப்போ மலிவானதைக் குறிச்ச எழுத்து. பின்னாடி கம்பெனிகள் விக்க வந்தப்போ அதுவே ‘தனித்தனியான’ங்கிற அர்த்தத்துக்கு மாறிடுச்சு. மலிவுன்னு சொல்லி விலை கூடின பொருளை யார் விப்பாங்க!

அப்போ கார்டு எங்கிருந்து வந்துச்சு? 1989ல பெர்க்லிக்காரங்க ஒரு சன் கம்ப்யூட்டர்ல 28 டிஸ்க் மாட்டி முதல் மாதிரியைக் கட்டினாங்க. ஒரே டிஸ்க் நொடிக்கு 1.3 எம்பி கொடுத்துச்சு. எல்லாம் சேர்ந்து பயனருக்குக் கொடுத்தது வெறும் 2.3 எம்பி. டேட்டாவை மெமரிக்குள்ள இங்கயும் அங்கயும் நகர்த்துறதுலயே அந்த மெஷின் திணறிப்போச்சு. அதனால அடுத்த மாதிரிக்குத் தனி ஹார்டுவேர் செஞ்சாங்க.

தொண்ணூறுகள்ல கடைக்கு வந்த கார்டுகளோட நியாயமும் இதுதான். கார்டுக்குள்ளயே ஒரு ப்ராசசர் (பல கார்டுகள்ல இன்டெல் ஐ960), சொந்த மெமரி, ஒரு பேட்டரி. பேட்டரி எதுக்கு? ரெய்டு 5ல ஒரு சின்ன இடத்தை மாத்தணும்னா பழைய டேட்டா, பழைய பேரிட்டி ரெண்டையும் படிச்சு, புதுசு ரெண்டையும் எழுதணும். டேட்டா எழுதி, பேரிட்டி எழுதறதுக்குள்ள கரன்ட் போனா கணக்கு தப்பாயிடும். அந்த நேரத்துல எழுத வேண்டியதைப் பேட்டரி காப்பாத்தி வைக்கும். அன்னைக்கு இருந்த சிபியுவுக்கு இந்தக் கார்டு பெரிய உதவி. அதை நான் மறுக்கல.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்துச்சு. டிஸ்க்குல எது எங்க இருக்குங்கிற குறிப்பை ஒவ்வொரு கம்பெனி கார்டும் தன் பாணியில எழுதுச்சு. எந்தக் கம்பெனி டிஸ்க்கையும் வாங்கிக்கலாம்னு ஆரம்பிச்ச யோசனை, இந்தக் கார்டு இல்லாம டிஸ்க்கைப் படிக்க முடியாதுங்கிற இடத்துக்கு வந்துச்சு. நான் மாட்டினது இங்கதான்.

இந்தச் சண்டை 2005ல வெளிச்சத்துக்கு வந்துச்சு. ஓப்பன்பிஎஸ்டி தலைவர் தியோ டி ராட், அடாப்டெக் ரெய்டு கார்டுகளை நிர்வகிக்கத் தேவையான ஆவணங்களைக் கேட்டார். கிடைக்கல. டிஸ்க் செத்தா அதைத் தெரிஞ்சுக்கவே வழி இல்லாத கார்டை எப்படி நம்புறதுன்னு, 3.7 பதிப்புல அந்த டிரைவரையே நிறுத்திட்டாங்க. அதே வருஷம் வந்த 3.8ல, ரெய்டு நிலவரம் பார்க்க பயோசிடிஎல்னு சொந்தக் கருவியே வந்துச்சு.

அதே 2005லதான் சன் நிறுவனம் இசட்எஃப்எஸ் மூலநிரலை வெளியிட்டுச்சு. ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் குழு 2001ல ஆரம்பிச்ச வேலை. ரெய்டையும் ஃபைல் சிஸ்டத்தையும் ஒண்ணாக்கி, ஒவ்வொரு டேட்டா துண்டுக்கும் செக்சம் வச்சாங்க. டிஸ்க் தப்பான டேட்டாவைக் கொடுத்தாலும் இது கண்டுபிடிக்கும். கரன்ட் போனா வர்ற பேரிட்டி குழப்பமும் இதுல கிடையாது. 2008ல ஃப்ரீபிஎஸ்டி 7.0ல இது வந்துடுச்சு. டிஸ்க்குகளைக் கழட்டி இசட்எஃப்எஸ் படிக்கிற வேற எந்த மெஷின்ல மாட்டினாலும் டேட்டா எழுந்து வரும். ஒரே நிபந்தனை, நடுவுல கார்டு எதையும் மறைக்கக் கூடாது.

ஃப்ரெண்ட் கிட்ட கடைசியா இதைத்தான் சொன்னேன். “கார்டோட வேகத்தை அப்புறம் பாரு. முதல்ல மூணு கேள்வி கேளு. டிஸ்க் செத்தா உன் யூனிக்ஸுக்கு அந்தக் கார்டு சொல்லுமா? டிஸ்க்கை உள்ளபடி அப்படியே காட்டுமா? கார்டே செத்தா டேட்டாவை எதை வச்சுப் படிப்ப? மூணுக்கும் பதில் தெரிஞ்சா வாங்கு. உன் நாலு டிஸ்க்குக்கு ரெய்டு வேலை பார்க்காத சாதாரண எச்பிஏ கார்டு போதும். மதர்போர்டுல நாலு சாட்டா போர்ட் இருந்தா அதுவும் வேண்டாம்.”

“அப்போ பேக்கப்?”னு கேட்டான். நல்ல கேள்வி. ரெய்டு டிஸ்க் சாவுல இருந்துதான் காப்பாத்தும். நீங்க தப்பா டெலிட் பண்ணா எல்லா டிஸ்க்குலயும் ஒழுங்கா டெலிட் ஆகும். அப்பாவோட போட்டோ இப்போ என் சர்வர்லயும் இருக்கு, தங்கச்சி வீட்டு அலமாரியில ஒரு தனி டிஸ்க்லயும் இருக்கு. அந்த டிஸ்க்கைப் படிக்க எந்தக் கார்டும் வேண்டாம்.

உங்க வீட்டுப் போட்டோ எங்க இருக்கு, அதைப் படிக்க என்ன வேணும்னு இன்னைக்கு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.