முத்திரை அட்டை (தொலைக்காட்சி)

முத்திரை அட்டை அல்லது வேனிட்டி கார்டு என்பது, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இறுதியில், பங்களித்தோரின் பெயர்ப் பட்டியல் முடிந்தவுடன், அதனைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிச் சில நொடிகள் மட்டும் தோன்றும் காட்சி ஆகும். வேனிட்டி என்னும் ஆங்கிலச் சொல் தற்பெருமையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களில் (சிட்காம்) இவ்வழக்கம் சிறப்பாக வளர்ந்தது. திரைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் பார்வையாளருக்கு இடும் கையொப்பமாக இவ்வட்டை விளங்குகிறது.

பின்னணி

1970 இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம் கொண்டுவந்த விதிகள், பெரிய ஒளிபரப்பு வலையமைப்புகள் தாம் ஒளிபரப்பும் தொடர்களில் உரிமைப் பங்கு வைத்திருப்பதையும், மறு ஒளிபரப்பு உரிமையை விற்று வருவாய் ஈட்டுவதையும் கட்டுப்படுத்தின. இதனால் தனித்தியங்கும் தயாரிப்பு நிறுவனங்கள் பெருகின. ஒரு தொடர் பல ஆண்டுகள் உள்ளூர் நிலையங்களில் மறு ஒளிபரப்பாகும்போதும் அதன் அட்டை உடன் சென்றது. இவ்விதிகள் 1993 இல் தளர்த்தப்பட்டு, 1995 இல் முற்றாக நீங்கின.

புகழ்பெற்ற அட்டைகள்

எம்டிஎம் என்டர்பிரைசஸ்: நடிகை மேரி டைலர் மூர், கிராண்ட் டிங்கர் ஆகியோர் 1969 இல் நிறுவியது. எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தின் கர்ச்சிக்கும் சிங்கத்தைப் பகடி செய்யும் வகையில், மிம்சி என்னும் பூனைக்குட்டி 'மியாவ்' எனக் கத்துவதே இதன் அட்டை. தொடருக்கேற்பப் பூனையின் கோலமும் மாறியது. நியூஹார்ட் (1982–1990) நகைச்சுவைத் தொடரில் நடிகர் பாப் நியூஹார்ட்டே பூனைக்குக் குரல் கொடுத்தார். செயின்ட் எல்ஸ்வேர் என்னும் மருத்துவமனைத் தொடர் 1988 இல் நிறைவுற்றபோது, மருத்துவக் கருவிகள் பொருத்தப்பட்டுக் கிடக்கும் பூனையின் உயிர்த்துடிப்புக் கோடு நேர்கோடாவதுடன் அட்டை முடிந்தது.

ஊபு புரொடக்‌ஷன்ஸ்: ஃபேமிலி டைஸ் (1982–1989) தொடரை உருவாக்கிய கேரி டேவிட் கோல்ட்பர்க்கின் நிறுவனம். இது அவர் வளர்த்த நாயின் பெயரைக் கொண்டது. நாயின் ஒளிப்படம் தோன்ற, அதனை உட்காரச் சொல்லிப் பாராட்டும் கோல்ட்பர்க்கின் குரலும், தொடர்ந்து ஒரு குரைப்பொலியும் கேட்கும். நாய் 1984 இல் இறந்தது. எனினும் 1996 இல் தொடங்கிய ஸ்பின் சிட்டி தொடரிலும் இவ்வட்டை இடம்பெற்றது.

சக் லாரியின் அட்டைகள்

தயாரிப்பாளர் சக் லாரி, 1997 இல் தொடங்கிய தர்மா அண்ட் கிரெக் தொடர் முதல், சின்னத்துக்குப் பதிலாகத் தம் எண்ணங்களைக் கட்டுரையாக எழுதி, வரிசை எண்ணிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவாகப் புதிய அட்டை எழுதப்பட்டது. இவற்றின் எண்ணிக்கை அறுநூறைக் கடந்தது. அட்டை ஏறத்தாழ ஒரு நொடியே திரையில் நிற்கும். ஆகவே தொடக்கத்தில் நிகழ்ச்சியை ஒளிநாடாவில் பதிவு செய்து, படத்தை நிறுத்தினால் மட்டுமே படிக்க இயன்றது. முதல் அட்டை, அவ்வாறு நிறுத்திப் படிப்பவருக்கு நன்றி கூறியே தொடங்குகிறது. பின்னர் இவை அவருடைய வலைத்தளத்திலும் தொகுக்கப்பட்டன. சிபிஎஸ் வலையமைப்பு ஒளிபரப்ப மறுத்த அட்டைகளையும் அவர் அத்தளத்தில் வெளியிட்டார். 2012 இல் இவை நூலாகவும் வெளிவந்தன.

டூ அண்ட் எ ஹாஃப் மென் தொடரின் நாயகன் சார்லி ஷீனுடன் லாரிக்கு ஏற்பட்ட பிணக்கிலும் அட்டைகள் பங்கு பெற்றன. பெப்ரவரி 2011 இல் வெளியான ஓர் அட்டையில், மது அருந்தாது உடலைப் பேணும் தம்மைவிட ஷீன் நெடுநாள் வாழ்ந்துவிட்டால் தமக்குக் கடுஞ்சினம் வரும் என்று லாரி எழுதினார். அம்மாத இறுதியில் ஷீன் அவரை வெளிப்படையாக இகழ்ந்தார். எஞ்சிய படப்பிடிப்பு நிறுத்தப்பட்டு, மார்ச் 7, 2011 அன்று ஷீன் நீக்கப்பட்டார். இறுதிப் பகுதியில் (பெப்ரவரி 19, 2015) நடிக்க ஷீனை அழைத்ததையும் அவர் மறுத்ததையும் அன்றைய அட்டை தெரிவித்தது. இருவரும் பின்னர் சமாதானமாகி, 2023 இல் புக்கி தொடரில் இணைந்தனர்.

நலிவு

1994 இல் என்பிசி வலையமைப்பு இறுதிப் பெயர்ப் பட்டியலைத் திரையின் ஓரத்துக்கு ஒதுக்கி, எஞ்சிய இடத்தில் அடுத்த நிகழ்ச்சிகளுக்கான விளம்பரத்தைக் காட்டத் தொடங்கியது. பிற வலையமைப்புகளும் இதனைப் பின்பற்றின. பெயர்கள் படிக்க இயலாத அளவுக்குச் சிறுத்தன. இணையவழித் தொலைக்காட்சிச் சேவைகளில் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாகத் தொடங்கிவிடுவதால், பார்வையாளர் அதனைத் தடுத்தாலன்றி அட்டை கண்ணில் படுவதே இல்லை. விரும்பிய இடத்தில் படத்தை நிறுத்தும் வசதி முன்னெப்போதையும்விட எளிதாகியுள்ள காலத்திலேயே, நிறுத்திப் படிப்பதற்காக எழுதப்பட்ட இவ்வட்டைகள் பலராலும் காணப்படாது போகின்றன.